நார்மல் என்று சொன்னார்

ஆவடி
9.6.2024

மோகனாவுக்கு,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். படித்துவிட்டுக் கிழி.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் வாட்ஸ்அப் உன் அண்ணனின் டேப்லெட்டிலும் திறந்து கிடக்கிறது. ஸ்கூல் குரூப்பைப் பெரிய எழுத்தில் பார்க்கலாமே என்று அவர்தான் இணைத்துக் கொடுத்தார். அப்போது அன்பு என்று நினைத்தேன். இப்போது எதை எப்படி நினைப்பது என்றே தெரியவில்லை. குவார்ட்டர்ஸில் போன் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் நாகம்மாவுக்கும் கேட்கும்.

முதலில் உன் வீட்டு கிரகப்பிரவேசம். நான் சாப்பிடாமல், யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். "அண்ணிக்கு வயித்தெரிச்சல்" என்று உன் மாமியாரிடம் நீ சொன்னது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. நடந்தது வேறு. உன் ஹாலில் சந்தன நிற மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது மெத்தையில் கறை. தேதியே இல்லாத நாள். மெத்தையைத் திருப்பிப் போட்டுவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகிக்கொண்டு, முகப்பேர் மெயின் ரோட்டில் ஆட்டோ பிடித்தேன். பூஜை நடக்கும் வீட்டில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்கும் பல மாதம் முன்பே தொடங்கிவிட்டது. வந்தால் நிற்பதில்லை, நின்றால் சொல்லாமல் வருகிறது. பி.டி. டீச்சர் நான், எப்போதும் கறுப்பு டிராக் பேண்டில்தான் மைதானத்துக்குப் போகிறேன். எல்லோரும் "நிக்கிற வயசு, அப்படித்தான்" என்றார்கள். உன் அண்ணன் என்னைச் சென்னீர்குப்பம் பக்கம் ஒரு நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனார். வயிற்றின் மேல் ஒரு ஸ்கேன் வைத்துப் பார்த்த டாக்டர், என்னைப் பார்க்காமல் உன் அண்ணனைப் பார்த்து, "சின்னக் கட்டி இருக்கு, கர்ப்பப்பையை எடுத்துடலாம். இனிமே அது எதுக்கு இவங்களுக்கு?" என்றார். எதனால் ரத்தம் போகிறது என்று கேட்டேன். "எடுத்துட்டா நின்னுடும்" என்றார். நான் கேட்டது அதுவா?

நானே தேடி அம்பத்தூரில் டாக்டர் பத்மாவிடம் போனேன். அவர் என்னைக் கேள்வி கேட்டார். அதுவே புதிதாக இருந்தது. ரத்தத்தில் எவ்வளவு சத்து இருக்கிறது, தைராய்டு எப்படி, ரத்தம் சரியாக உறைகிறதா என்று வரிசையாகப் பரிசோதனை. பிறகு உள் வழியாக ஒரு ஸ்கேன். கட்டி சின்னது, வெளிப்பக்கம் இருக்கிறது, இவ்வளவு ரத்தத்துக்கு அது காரணமாக இருக்காது என்றார். ஆனால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருக்கிறது, அதில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். மெல்லிய குழாய் ஒன்றை விட்டு எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதை ஒரு சின்ன பாட்டிலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிப் போட்டு, என் பேர் எழுதி ஒட்டி, லேபில் கொடுக்கும்படி வெளியே நின்ற உன் அண்ணனிடம் தந்தார்கள்.

சில நாள் கழித்து, "ரிப்போர்ட் நார்மல்" என்றார் உன் அண்ணன். பேப்பர் எங்கே என்றேன். "டாக்டரம்மாகிட்டயே குட்த்துட்டேன். நீ இன்னாத்துக்கு எல்லாத்தையும் தோண்டிக்கினு கீற?"

அன்றிலிருந்து என்னிடம் ரொம்பவும் நன்றாக நடந்துகொள்கிறார், மோகனா. கேட்காமலே மாதுளம்பழம் வாங்கி வருகிறார். துணி துவைக்கிறார். இருபத்து மூன்று வருடத்தில் என் துணியைத் தொட்டவர் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கும் இப்படி ஏதோ என்று ஒருமுறை உன் அண்ணன் பாதி சொல்லி நிறுத்தினார். என்னிடம் அப்போது அல்சர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். என்ன அது? உன்னிடம் ஏதாவது சொன்னாரா? பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. ஸ்கூல் முகவரிக்கு எழுது.

எழிலரசி

*

முகப்பேர்
15.6.2024

அண்ணிக்கு,

உடம்பு சரியில்லை என்பது வருத்தம்தான். ஆனால் மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரையும் நம்பியதில்லை. பால்காரரை நம்ப மாட்டீர்கள், சீட்டுக் கம்பெனியை நம்ப மாட்டீர்கள், அம்மா உங்கள் குழம்பைப் புகழ்ந்தால்கூட எதற்காகச் சொல்கிறார்கள் என்று யோசிப்பீர்கள். இப்போது அண்ணனின் முறை. பழம் வாங்கி வந்தால் குற்றம். வாங்காமல் இருந்தால்?

கிரகப்பிரவேசத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் பெண்தானே. இவ்வளவு காலம் கழித்து இப்போது சொல்கிறீர்கள். அண்ணனைப் பற்றி என்னிடம் துப்புக் கேட்க வேண்டிய நேரத்தில் சொல்கிறீர்கள். எனக்கும் சந்தேகப்படத் தெரியும்.

டாக்டரிடம் நேராகப் போய்க் கேட்டால் முடிந்தது. என்னை எதற்கு நடுவில் இழுக்கிறீர்கள்?

அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அப்போது நான் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தேன். எனக்கும் அல்சர் என்றுதான் சொன்னார்கள். செமஸ்டர் லீவில் வந்தபோது அம்மா பாதியாகியிருந்தார். அடுத்த லீவுக்கு அம்மா இல்லை. பொன்னியம்மா என்ற பேருக்கு முன்னால் 'லேட்' போட்டு ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டது. ஆஸ்பத்திரிக்கெல்லாம் போய் வந்தது அண்ணன் மட்டும்.

மோகனப்பிரியா

எழுதி முடித்துவிட்டு இரண்டு வேலை செய்தேன். நாற்காலி மெத்தையைத் திருப்பிப் பார்த்தேன். என்னை மன்னித்துவிடுங்கள். பிறகு அண்ணனுக்குச் சும்மா போன் போட்டு, ஆடித் தள்ளுபடியைப் பற்றிப் பேசினேன். நடுவில் அவனே, "உங்க அண்ணி சூப்பரா கீது, டாக்டர் நார்மல்னு சொல்ட்டாங்க" என்றான். நான் உங்களைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை, அண்ணி.

*

ஆவடி
24.6.2024

மோகனா,

நீ என்னைத் திட்டிய இடங்களைத் திரும்பப் படித்தேன். குழம்பு விஷயம் உண்மைதான். மற்றதற்குப் பிறகு சண்டை போட்டுக்கொள்வோம்.

டாக்டரிடம் நேராகப் போகச் சொன்னாய். போனேன். டாக்டர் பத்மா மகளின் பிரசவத்துக்காக சிங்கப்பூர் போயிருக்கிறார். அவருடைய இடத்தில் இருந்த சின்ன டாக்டர் பவித்ரா என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "பயாப்ஸி ரிப்போர்ட் இதுல இல்லையேம்மா. யார் வாங்கினாங்க?" என்றாள். வீட்டுக்கு வந்து உன் அண்ணனைக் கேட்டேன். "அவங்க தொலைச்சிருப்பாங்க" என்றார். டாக்டரிடமே கொடுத்தேன் என்றவர், இப்போது தொலைத்திருப்பார்கள் என்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன வியாழக்கிழமை மார்ச் பாஸ்ட் பிராக்டிஸில் விசிலை வாயில் வைத்தது தெரியும். அடுத்து, பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றார்கள். வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். நாகம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னா டீச்சரு, மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாரி வெளுத்துப் போய்க் கீது? உங்க ஊட்டுக்காரரு மாடிப்படியாண்ட நின்னுகினு போன்ல ஒரே அழுவாச்சி. இன்னாத்துக்குன்னு கேட்டா, ஜலதோஷம்ன்றாரு!"

மறுநாள் என் காதாலேயே கேட்டேன். படிக்கட்டுப் பக்கம் போனில், "அவளுக்குத் தெரியக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரிடம்? உன்னிடமா? உண்மையைச் சொல்.

இப்போது பழைய நர்சிங் ஹோமிலேயே அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அட்மிஷன் போட்டுவிட்டு வந்திருக்கிறார். "எடுத்துடலாம் எழில், தொல்லை விட்டுது" என்கிறார். நார்மல் என்றால் எதற்கு எடுக்க வேண்டும்? எடுக்க வேண்டும் என்றால் எப்படி நார்மல்? இதைக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறார். எனக்குப் புற்று வந்திருக்கிறது, அவருக்குத் தெரியும், அந்த டாக்டருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. வேறு எப்படி நான் நினைப்பது?

லேப் உன் ஆபீஸுக்குப் பக்கத்தில், எஸ்டேட் ரோட்டில்தான் இருக்கிறது. நானே போய் நகல் கேட்கலாம். இரண்டு தடவை பஸ் ஏறி, அந்த ஸ்டாப்பில் இறங்காமல் தாண்டிப் போய்விட்டேன். எல்லோரையும் சந்தேகப்படத் தைரியம் இருக்கிறது. அந்தக் கவுன்ட்டரில் போய் என் பேரைச் சொல்லத் தைரியம் இல்லை.

நீ போய்க் கேட்பாயா?

எழிலரசி

*

ஆவடி, உங்கள் ஸ்கூல் வாசல்
1.7.2024

அண்ணி,

தபாலில் போட நேரம் இல்லை. உங்கள் வாட்ச்மேன் துலுக்கானத்திடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். உள்ளே வந்து உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை எங்கேயும் போகாதீர்கள். யார் கூப்பிட்டாலும்.

லேபில் சௌம்யா என்று ஒரு பெண் இருந்தாள். உங்கள் பேரைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் தேடினாள். வயதைப் போட்டுத் தேடினாள், டாக்டர் பேரைப் போட்டுத் தேடினாள். கடைசியில், "மேடம், இந்தப் பேர்ல எங்களுக்கு சாம்பிளே வரலை" என்றாள். தொலைந்துவிட்டதா என்று சத்தம் போட்டேன். "தொலைய நாங்க முதல்ல வாங்கணும் இல்ல?" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவளும் பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். சந்தேகம் எனக்கும் தொற்றிவிட்டது.

அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன். ஷிப்ட் முடிந்து பருத்திப்பட்டு ஏரிக்கு வரச் சொன்னேன். வந்தான். நடக்கிறவர்களும் சுண்டல்காரருமாகக் கூட்டம். லேபில் விசாரித்தேன் என்று மட்டும் சொன்னேன்.  அண்ணன் ஸ்கூட்டர் நிறுத்திய இடத்துக்குப் போய் சீட்டைத் தூக்கினான். ரெயின்கோட்டுக்கு அடியில், துண்டில் சுற்றி, அந்த பாட்டில்.

ரிப்போர்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது, அண்ணி. அதை அவன் யாரிடமும் கொடுக்கவே இல்லை.

"லேப் வாசல் வரைக்கும் போனேன் மோகனா. படி ஏற கால் வரலை. அம்மாதையும் நான்தானே கொண்டுகினு போனேன். இதே மாரி பாட்டிலு. இதே மாரி பேர் ஒட்டி. குட்த்துட்டு வந்தேன், ஒரு பேப்பர் குட்த்தான், அத்தோட சரி. பாட்டிலு போவலைன்னா பேப்பரும் வராது இல்ல?" என்றான்.

அம்மாவுக்கு மாதவிடாய் நின்று வருடக்கணக்காகி, திரும்ப வந்திருக்கிறது. கோயிலுக்குப் போக முடியவில்லையே என்பதுதான் அம்மாவின் கவலையாக இருந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்று முற்றிவிட்டிருந்தது. இதை அவன் எனக்கு நேற்றுத்தான் சொன்னான். அல்சர் என்றே இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

போனில் அழுதது அவன் ஃபேக்டரி நண்பர் ஜஸ்டினிடம். ஜஸ்டினின் மனைவிக்கு அந்த நர்சிங் ஹோமில் ஆபரேஷன் செய்தார்கள், நன்றாக இருக்கிறாராம். என்ன என்று தெரிந்துகொள்ளாமலே எடுத்துவிட்டால் அதோடு போய்விடும், உங்களுக்கும் தெரியாது, தனக்கும் தெரிய வேண்டியதில்லை என்று இவன் கணக்குப் போட்டிருக்கிறான். அவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். சுண்டல்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் பாட்டிலைத் துண்டோடு என் கையில் கொடுத்தான்.

பாட்டில் என்னிடம் இருக்கிறது. அது உங்களுடையது. உங்களைக் கேட்காமல் எங்கேயும் கொடுக்க மாட்டேன்.

மோகனா

*

ஆவடி
2.7.2024

மோகனா,

ஸ்டோர் ரூமில் பந்துகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். அழுகை வரவில்லை. அத்தனை நாளும் என் உடம்பின் ஒரு துண்டை வெயிலில் வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, அதே வண்டியில் என்னைப் பின்னால் உட்கார வைத்து மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

உன்னையும் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு உண்மையிலேயே ஏரிக்கரையில்தான் தெரியுமா? அண்ணனைக் காப்பாற்ற இப்படி ஒரு கதை கட்டி, ரிப்போர்ட்டை நீ வைத்திருக்கவில்லையே? கேட்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

டாக்டர் பத்மா திரும்பி வந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் தன் கிளினிக் ஆட்களைத்தான் திட்டினார், ரிப்போர்ட் வந்ததா என்று ஏன் யாரும் பார்க்கவில்லை என்று. பிறகு என்னிடம், "அந்த பாட்டிலை லேபுக்கு அனுப்பலாம், ஆனா இவ்வளவு நாள் சூட்டுல இருந்ததை மட்டும் வெச்சு நான் முடிவு எடுக்க மாட்டேன். குழாய் விட்டு எடுக்கறது கண்ணை மூடிக்கிட்டு எடுக்கற மாதிரி. இந்தத் தடவை சின்ன கேமராவை உள்ளே விட்டு, பார்த்து, சந்தேகப்படற இடத்துலயே எடுக்கலாம்" என்றார். சந்தேகம் என்ற வார்த்தையை யாராவது நல்லபடியாகச் சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

முதல் டாக்டர் சொன்னபடி நேராக எடுத்திருந்தால் என்ன என்று கேட்டேன். "கடைசியில எடுக்க வேண்டியே வரலாம். ஆனா உள்ளே புற்று இருந்தா செய்யற ஆபரேஷன் வேற, இல்லைன்னா வேற. தெரியாம கத்தி வைக்கக் கூடாது" என்றார்.

ரத்தம் மிகவும் குறைந்திருப்பதால் இரண்டு தடவை இரும்புச் சத்து ஏற்ற வேண்டும். அது முடிந்ததும் கேமரா. கூட ஒரு ஆள் வேண்டும் என்கிறார்கள். உன் அண்ணனிடம் நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுகிறேன், தட்டை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

நீ வருவாயா?

எழிலரசி

*

முகப்பேர்
4.7.2024

அண்ணி,

எனக்கு ஏரிக்கரையில்தான் தெரியும். என்னிடம் எந்தப் பேப்பரும் இல்லை. நீங்கள் கேட்டதில் கோபம் வந்தது, பிறகு போய்விட்டது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் உங்களைவிட மோசமாகக் கேட்டிருப்பேன்.

வருகிறேன். லீவு சொல்லியாயிற்று.

மோகனா

*

ஆவடி
6.8.2024

மோகனாவுக்கு,

உன்னை புனேவுக்கு அனுப்பிய கம்பெனியை நான் திட்டாத நாள் இல்லை. கேமரா வைத்த அன்று நீ என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைத்தான் மயக்கம் தெளிந்ததும் முதலில் பார்த்தேன்.

பழைய பாட்டிலை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றார்கள், கேமரா வைத்து எடுத்ததன் ரிப்போர்ட் வந்தது. நானே போனேன். இந்தத் தடவை அந்த ஸ்டாப்பில் இறங்கினேன். உறையைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, உன் அண்ணன் டூட்டி முடிந்து வந்து முகம் கழுவும் வரை காத்திருந்தேன். பிறகு அவர் கையில் கொடுத்து, "சத்தமா படிங்க" என்றேன்.

"நீயே படி எழில்" என்றார்.

"போன தடவை நீங்கதானே எனக்குச் சொன்னீங்க. இந்தத் தடவையும் நீங்களே சொல்லுங்க."

 கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். என் பேர், வயது எல்லாம் படித்தார். ஓரத்தில் ஒரு சதைத் திரட்சி, அதை எடுத்துப் பார்த்ததில் என்று எழுத்துக் கூட்டி வந்தவர், ஒரு வார்த்தையில் நின்றுவிட்டார். "மேலே படிங்க" என்றேன். "எனக்கு இதுக்கு அர்த்தம் தெர்ல எழில்" என்றார். "எனக்கும்தான் தெரியாது. படிங்க."

முழுதும் படித்தார். படித்து முடித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்க அம்மாவுக்கு நான் படிச்சுக் காட்டலை. ஒண்ணும் இல்லம்மான்னு சொல்ட்டேன். கடைசி வரைக்கும் அது என்னையே நம்பிக்கினு இருந்துச்சு" என்றார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரைத் தொடவில்லை. தொட எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஆனால் உட்கார்ந்தேன்.

மறுநாள் இருவருமாக டாக்டரிடம் போனோம். புற்று இல்லை. ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன. விட்டால் புற்றாகலாம். சில பேருக்கு ஏற்கெனவே பக்கத்தில் எங்காவது ஒளிந்துகொண்டும் இருக்கலாம், முழுதாக எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றார். மருந்து வைத்துப் பார்க்கும் வழியும் உண்டு, ஆனால் உங்கள் வயதுக்கு எடுப்பதே நல்லது என்பது என் கருத்து, முடிவு உங்களுடையது என்றார். எடுத்துவிடுங்கள் என்றேன். அதே வார்த்தைதான், சென்னீர்குப்பத்தில் சொன்னது. ஆனால் இப்போது சொன்னது நான், எதற்காக என்று தெரிந்து சொன்னேன்.

ஆபரேஷன் முடிந்ததும் எடுத்ததை வெளியே நிற்கும் சொந்தக்காரரிடம் தட்டில் காட்டுவார்களாம், பிறகு அது லேபுக்குப் போகும். தியேட்டர் வாசலில் நீ நிற்க வேண்டும். லேபுக்கும் நீதான் கொண்டுபோக வேண்டும். அவர் உன் பக்கத்தில் நிற்கட்டும். இருபத்தோராம் தேதி. டிக்கெட் போட்டுவிடு.

எழிலரசி

*

புனே
4.9.2024

அண்ணி,

தையல் வலி குறைந்ததா? நாகம்மா தினமும் கஞ்சி வைத்துத் தருவதாகக் கேள்விப்பட்டேன், அதைக் குடிக்கிறீர்களா அல்லது அதிலும் ஏதாவது சந்தேகமா?

இன்று அண்ணன் போன் பண்ணினான். கடைசி ரிப்போர்ட் வந்துவிட்டது என்றான். என்ன என்றேன். "நார்மல்" என்றான். மறுபடியும் அதே வார்த்தை. "அண்ணா, சத்தியமா?" என்றேன். அவனுக்கும் அந்த வார்த்தை உறைத்திருக்க வேண்டும்.  "உங்க அண்ணிதான் பிரிச்சு படிச்சா. நீ என்னை நம்பாத, அவளையே கேளு" என்றான்.

அதனால் கேட்கிறேன். நீங்கள் எழுதினால் நம்புகிறேன்.

மோகனா

*

ஆவடி
9.9.2024

மோகனா,

இரண்டு முறை படித்தேன். பிறகு டாக்டர் பத்மாவிடம் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னேன். புற்று எங்கேயும் இல்லை. மாறத் தொடங்கியிருந்த இடம் முழுதும் போய்விட்டது. இனி பரிசோதனைக்கு மட்டும் போனால் போதும்.

நீயும் தள்ளிப் போடாதே. அம்மாவுக்கு இருந்ததை டாக்டரிடம் சொல்லி, எப்போது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேள். யாராவது வயசுதான் என்று சொன்னால் எழுந்து வேறு இடத்துக்குப் போ.

உன் அண்ணன் எதிரில் உட்கார்ந்து, இதில் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறார். பார்க்கட்டும். மறைக்கவில்லை.

எழிலரசி